பாலைவனத்து மால்களும் நம் வீட்டு பட்ஜெட்டும்

துபாய்க்கு முதன்முதலாக வரும் நம் ஊர்ப் பெண்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பாலைவனம் பாலைவனம்னாங்களே, மணலையே காணோமேக்கா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். விமான நிலையத்தில் இறங்கி, ஏ.சி. காரில் ஏறி, ஏ.சி. ஃப்ளாட்டுக்குள் நுழைந்து, சாயங்காலம் ஏ.சி. மாலுக்குப் போய்விட்டால் மணலை எங்கே பார்ப்பது?

நான் இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கராமா என்கிற பகுதியில் இரண்டு அறை ஃப்ளாட். இவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பெண் ஒன்பதாவது, பையன் நாலாவது படிக்கிறார்கள். எங்களைப் போல நடுத்தரக் குடும்பங்கள் கராமாவில் ஏராளம். மாடியில் நின்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து தமிழில் பதில் வரும்.

கணவரோடு சேர்ந்து வாழ இங்கே வரப்போகிற இளம் பெண்களுக்கும், கணவர் மட்டும் இங்கே இருக்க ஊரில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் சில விஷயங்களைச் சொல்லலாமே என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த ஊர் சம்பாதிக்க வைக்கும். அதே கையால் செலவழிக்கவும் வைக்கும். எந்தக் கை வலுவானது என்பதை வீட்டுப் பெண்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தெருவும் அதுவே, பூங்காவும் அதுவே!

ஒரு காலத்தில் இது முத்துக் குளித்தும், படகு வியாபாரம் செய்தும் பிழைத்த சிறிய துறைமுக ஊர். 1966ல் எண்ணெய் கிடைத்தது. அது நெடுநாள் வராது என்று தெரிந்துகொண்ட ஆட்சியாளர்கள் துறைமுகம், விமானப் போக்குவரத்து, வியாபாரம் என்று பணத்தைத் திருப்பிவிட்டார்கள். 1981ல் தேரா பகுதியில் அல் குரைர் சென்டர் என்ற நவீன மால் வந்தது. 1995ல் தேரா சிட்டி சென்டர். 1996ல் 'துபாய் ஷாப்பிங் திருவிழா' ஆரம்பமாயிற்று. நாம் பொங்கல், சித்திரைத் திருவிழா கொண்டாடுகிற மாதிரி, கடைக்குப் போவதையே இவர்கள் திருவிழாவாக்கிவிட்டார்கள் பாருங்கள்!

2005ல் 'மால் ஆஃப் தி எமிரேட்ஸ்' திறந்தார்கள். அதற்குள்ளேயே 85 மீட்டர் உயரத்தில் ஒரு பனிமலை. வெளியே 45 டிகிரி வெயில் கொளுத்தும்போது, உள்ளே பூஜ்யத்துக்கும் கீழே குளிர்! கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். அதே வருஷம் இப்னு பதூதா மாலும் வந்தது. நம் மதுரை வரைக்கும் வந்து போன அந்த அரபுப் பயணி சுற்றிய நாடுகளைப் போல ஆறு மண்டபங்கள் அதில். இந்திய மண்டபமும் உண்டு. 2008ல் திறந்த துபாய் மாலில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் கடைகள், ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் மீன் காட்சிசாலை, பனிச்சறுக்குத் தளம். பக்கத்திலேயே 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா. 2010ல் திறந்தது. முதல் தடவை பார்த்தபோது என் மாமியார், "ஏம்மா, இதுல மேல் மாடிக்குத் தண்ணி ஏறுமா?" என்று கேட்டார்கள். குடும்பப் பெண்ணின் கவலை அது!

இத்தனை மால் எதற்கு என்றால், அதற்கு வெயிலே முதல் காரணம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பகலில் தெருவில் நடக்க முடியாது. கைக்குழந்தையோடு பத்து நிமிஷம் பஸ்ஸுக்கு நின்றால் குழந்தை வாடிப்போகும். அதனால் காற்று வாங்கவும், தோழியைச் சந்திக்கவும், குழந்தை ஓடி விளையாடவும் மாலை விட்டால் வேறு இடம் குறைவு. நம் ஊரில் தெருவும், கோயில் பிராகாரமும், ஆற்றங்கரையும் செய்கிற வேலையை இங்கே மால் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: கோயில் பிராகாரத்தில் இரண்டு பக்கமும் கடை கிடையாது.

அந்த வித்தியாசம்தான் பர்ஸில் தெரிகிறது. ரொட்டியும் பாலும் வாங்கப் போனால், அவை சூப்பர் மார்க்கெட்டின் கோடியில் இருக்கும். போகும் வழியெல்லாம் மற்ற சாமான்களைத் தாண்டித்தான் போகவேண்டும். குழந்தையின் கண்ணுக்கு நேரான தட்டில் சாக்லேட். பெரியவர்கள் கண்ணுக்கு நேரான தட்டில் விலை கூடின சாமான். விலை குறைந்தது காலடியில் இருக்கும். குனிந்து பாருங்கள். குனிகிறவளுக்கு லாபம். இது நான் அனுபவத்தில் கண்டது.

ரூபாய்க் கணக்கு மறக்கிற நாள்

இங்கே புதிதாக வரும் பெண் முதல் ஆறு மாதம் எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பாள். "ஒரு காபி இவ்வளவா? அம்மாடி!" என்று கையை எடுத்துவிடுவாள். நான் வந்தபோது ஒரு திர்ஹாமுக்கு 12, 13 ரூபாய். இன்று அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெருக்கினால் மயக்கம்தான் வரும்.

பிறகு ஒருநாள் பெருக்குவதை நிறுத்திவிடுவாள். "இங்க சம்பாதிக்கிறோம், இங்க செலவு பண்றோம், எதுக்கு ரூபாய்க் கணக்கு?" என்பாள். அதுவும் ஒருவகையில் சரிதான். எப்போதும் பெருக்கிக்கொண்டே இருந்தால் குழந்தைக்கு ஒரு ஆப்பிள்கூட வாங்க மனம் வராது. ஆனால் அந்த நாளிலிருந்துதான் கவனம் வேண்டும். நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடச் செலவு, இவற்றுக்குத் திர்ஹாம் கணக்கு மட்டும். ஆசைக்கு வாங்கும் பொருளுக்கு மட்டும் ரூபாய்க் கணக்கு. ஒரு கைப்பையைப் பார்த்து, "இது ஊரில் தம்பி வாங்கும் ஒரு மாதச் சம்பளம்" என்று மனசு சொல்லிவிட்டால், கை தானாகவே பின்னால் வந்துவிடும்.

2018 ஜனவரியிலிருந்து இங்கே 5 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. விலைச்சீட்டில் பெரும்பாலும் அது சேர்ந்தே இருக்கும். 'ரெண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதில் மயங்கவேண்டாம். ஒன்றே போதும் என்கிற வீட்டில் மூன்று ஷாம்பூ எதற்கு?

பக்கத்து வீட்டில் நடந்தது

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். யார் என்று தெரியாமல் சொல்லலாம் என்று அந்தப் பெண்ணே அனுமதி தந்தாள்.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம் இருந்தது. கணவருக்கு நல்ல சம்பளம். சம்பளம் வரத் தொடங்கியதும் வங்கிக்காரர்கள் தாங்களாகவே போன் செய்து கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. சோபா, பெரிய டி.வி., குழந்தையின் பிறந்த நாளுக்கு ஹோட்டலில் விருந்து, எல்லாம் கார்டில்தான். "மாசா மாசம் கொஞ்சம் கட்டினா போதும்க்கா" என்பாள் அவள். சந்தோஷமான பெண். யார் வீட்டுக்குப் போனாலும் வெறும் கையோடு போகமாட்டாள்.

2020ல் கொரோனா வந்தது. கணவருக்கு வேலை போயிற்று. நாலு கார்டும் நாலு பக்கம் இழுத்தன. அவளும் இரண்டு குழந்தைகளும் ஊருக்குப் போனார்கள். கணவர் ஒரு அறையில் ஆறு பேரோடு 'பெட் ஸ்பேஸ்' எடுத்துத் தங்கினார். அதாவது வாடகைக்கு ஒரு கட்டில் மட்டும். வங்கி வழக்குப் போட்டதால் ஊருக்குப் போகவும் தடை. கடன் அடைகிற வரைக்கும் மூன்று வருஷம் குழந்தைகள் அப்பாவை போனில்தான் பார்த்தார்கள். சின்னவன் நடக்கக் கற்றுக்கொண்டதையும் போனில்தான் அவர் பார்த்தார்.

'கொஞ்சம் கட்டினால் போதும்' என்பதன் கணக்கை ஒருநாள் இவரை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். நீங்களும் பாருங்கள். பத்தாயிரம் திர்ஹாம் கடன். மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பல கார்டுகளில் அதற்கு மேலேயே உண்டு. மாதாமாதம் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறோம். முதல் மாதம் கட்டுவது 500. அதில் வட்டிக்கே 300 போய்விடும். அசலில் குறைவது வெறும் 200. இப்படியே ஒரு வருஷம், புதிதாக ஒரு பைசா செலவழிக்காமல் கட்டினால், கட்டியிருப்பது சுமார் 5,380 திர்ஹாம். பாக்கி நிற்பது சுமார் 7,850! கட்டினது பாதிக்கு மேலே, குறைந்தது கால் பங்குகூட இல்லை.

காசோலை திரும்பினாலே சிறை என்ற பழைய சட்டத்தை 2022 ஜனவரியில் தளர்த்தினார்கள். அதனால் பயம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். வழக்கும், பயணத் தடையும் இன்னும் உண்டு. கடன் வந்துவிட்டது என்றால் ஒளியாமல், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசி, தவணையை மாற்றிக் கேட்பதுதான் நல்லது. எதிர் வீட்டுக்காரர் கடைசியில் மீண்டதும் அப்படித்தான்.

ஃபுட் கோர்ட்டும் குழந்தையின் வயிறும்

மாலுக்குப் போனால் சாப்பிடாமல் திரும்ப முடியாது. மூன்றாவது மாடியில் ஃபுட் கோர்ட் என்று ஒரு பெரிய கூடம். பர்கர், பீட்ஸா, வறுத்த கோழி, ஷவர்மா, நூடுல்ஸ் என்று உலகமே வரிசையாக நிற்கும். வீட்டில் சமைக்க அலுப்பாக இருந்தால் போனில் ஒரு தட்டு தட்டினால் அரை மணியில் சாப்பாடு வாசலில். ஊரில் 'ஹோட்டல் சாப்பாடு' என்பது மாதத்துக்கு ஒருநாள். இங்கே சில வீடுகளில் வீட்டுச் சாப்பாடுதான் மாதத்துக்கு நாலு நாள்!

'பிரஞ்ச்' என்று ஒன்று இருக்கிறது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்தது. முன்பு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று நடக்கும். 2022 ஜனவரியில் வாராந்திர விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது பல ஹோட்டல்களில் இதுவும் சனிக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. மூன்று நாலு மணி நேரம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். "குடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்று தட்டை நிரப்புவார்கள். காசு ஹோட்டலுக்குப் போய்விட்டது, வயிறு நம்முடையது. அதை மறந்துவிடுகிறார்கள்!

எங்கள் குழந்தைகள் டாக்டர் ஒரு தடவை சொன்னது மனதில் பதிந்துவிட்டது. "வீட்டில் குழந்தை பசியாறினதும் நிறுத்திவிடும். ஃபுட் கோர்ட்டில் தட்டு காலியானதும்தான் நிறுத்துகிறது" என்றார். அதனால் நாங்கள் நாலு பேர் போனால் இரண்டு பேர் சாப்பாடு வாங்கிப் பகிர்ந்துகொள்வோம். பெரும்பாலும் அதுவே மிஞ்சும். குளிர்பானம் கிடையாது, தண்ணீர்தான். இந்த அரசாங்கமே 2017ல் சோடா வகைப் பானங்களுக்கு 50 சதவீத வரி போட்டது. 2019ல் சர்க்கரை சேர்த்த மற்ற பானங்களுக்கும் போட்டது. அரசாங்கமே வரி போட்டுத் தடுக்கிற அளவுக்குச் சர்க்கரை நோய் இங்கே கவலைக்குரிய விஷயம். நம் தமிழ்க் குடும்பங்களில் ஏற்கெனவே தாத்தா, பாட்டி வழியில் அந்த நோய் இருக்கிறது. நாம் இரட்டைக் கவனமாக இருக்கவேண்டாமா?

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற இந்த நாட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைட்டமின் டி குறைவு என்று டாக்டர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். காரணம் எளிது. வெயில் வெளியே, நாம் உள்ளே! முதுகு வலி, கால் குடைச்சல், எப்போதும் அசதி என்றால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரி சாப்பிடுகிற மாத்திரையை நீங்களும் வாங்கிப் போடாதீர்கள். அளவு மிஞ்சினாலும் கெடுதல். குளிர்காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை, வானிலை அருமையாக இருக்கும். அந்த மாதங்களில் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் போகாமல் மாலிலேயே கிடப்பதுதான் பெரிய நஷ்டம். ஜபீல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் 5 திர்ஹாம்தான்.

கோடையில் நடக்க வழி இல்லையே என்றால், மாலிலேயே நடக்கலாம். 2025 ஆகஸ்டில் 'துபாய் மாலத்தான்' என்று பெயர் வைத்து, கடை திறக்கும் முன் காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை மால்களை நடப்பவர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். கடை மூடியிருக்கும்போது மாலில் நடப்பதைப் போன்ற நிம்மதி வேறில்லை! உடம்புக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

ராத்திரி வாழ்க்கை

ஊரிலிருந்து வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிற விஷயம் இது. "ராத்திரியெல்லாம் டான்ஸ், குடின்னு சொல்றாங்களே, நிஜமா?" நிஜம்தான். ஆனால் தெருவில் இல்லை. ஹோட்டல்களிலும், லைசென்ஸ் வாங்கிய இடங்களிலும் மட்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் மன்னிப்பே கிடையாது. சுற்றுலாப் பயணிகளை இழுக்க 2023 தொடக்கத்தில் மதுவுக்கான 30 சதவீத வரியை எடுத்தார்கள். 2025 ஜனவரியில் திரும்பவும் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற ஷார்ஜாவில் மது அறவே கிடையாது.

'லேடீஸ் நைட்' என்று வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, பெண்களுக்குச் சில இடங்களில் பானங்கள் இலவசம். புதிதாக வந்த ஒரு பெண், "இலவசம்னு போட்டிருக்கே, போனா என்னக்கா?" என்று கேட்டாள். எங்கள் மாடியில் கீழக்கரை லாத்தா ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, கடைக்காரன் சும்மா குடுக்கிறான்னா யாரோ காசு குடுக்கிறாங்கன்னு அர்த்தம். பொம்பளைங்க வந்தா ஆம்பளைங்க வருவாங்க, அவங்ககிட்ட வாங்கிக்குவான். நாம என்ன அவன் கடைக்கு விளம்பரப் பலகையா?" இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது!

அதற்காக ராத்திரி என்றாலே பயம் என்றும் நினைக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் நானும் லாத்தாவும் கடைக்கு நடந்து போய் வருவோம். 2009 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. இந்தச் சுதந்திரம் நம்மில் பல பெண்களுக்கு இங்கே வந்த பிறகுதான் கிடைத்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

இந்த ஊரின் அழகான ராத்திரிகளை ரமலான் மாதத்தில்தான் பார்க்கலாம். பகலெல்லாம் அமைதி. நோன்பு திறந்த பிறகு ஊரே விழிக்கும். லாத்தா வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுச் சுண்டல் அங்கே போகும்.

ஆனால் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய மால்கள் நள்ளிரவு வரைக்கும் திறந்திருக்கும். பதினொரு மணிக்குக்கூட தள்ளுவண்டியில் குழந்தைகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூட பஸ்ஸோ காலை ஆறரைக்கே வந்துவிடும்! மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரமும், ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மணிக்கு எழவேண்டிய குழந்தை ஒன்பதுக்குள் படுக்க வேண்டும். காலையில் சாப்பிடமாட்டேன் என்று அடம், வகுப்பில் தூக்கம், எதற்கெடுத்தாலும் அழுகை என்றால் குழந்தையை அடிக்காதீர்கள். முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தது என்று பாருங்கள்.

பெட்டி கட்டுகிறவர்களின் கதை

விடுமுறை நாளில் துபாய் மால் வாசலில் நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, தலையை எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, நாலைந்து இளைஞர்கள் அந்த உயரமான கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு காதில் விழும். மாலுக்குள் ஒரு சுற்று சுற்றுவார்கள். ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்காமல் பஸ் ஏறிவிடுவார்கள். அந்தப் போட்டோ ஊரில் மனைவிக்குப் போகும். அவள் அதைப் பார்த்து, "எவ்வளவு வசதியா இருக்காரு!" என்று நினைப்பாள்.

ஊரில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கட்டட வேலை செய்கிறவர்களுக்குக் கோடையில், ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்ய அரசாங்கமே தடை போட்டிருக்கிறது என்றால், அந்த வெயில் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஊருக்கு வரும்போது, "அவளுக்கு சென்ட், இவளுக்கு டார்ச் லைட், மச்சானுக்கு போன்" என்று சீட்டு எழுதி அனுப்பாதீர்கள். சாக்லேட்டும், சோப்பும், பால் பவுடரும் இப்போது நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கின்றன. அந்தப் பெட்டிக்காகக் கடன் வாங்கினவர்கள் எத்தனையோ பேர். "பெட்டி வேண்டாம், நீங்க பத்து நாள் கூட இருந்துட்டுப் போங்க" என்று ஒரு வார்த்தை எழுதிப் பாருங்கள்.

இங்கே இருக்கும் பெண்களுக்கும் ஒன்று: மதிய வெயிலில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவருகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அந்த நேரத்தில் ஆர்டர் செய்யாமல் ஒரு ரசம் வைத்துவிடலாமே. தவிர்க்க முடியாமல் வரவழைத்தால் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீராவது கொடுங்கள்.

பழைய துபாயில் ஒரு சாயங்காலம்

செலவே இல்லாமல் மனம் நிறைய வேண்டுமென்றால் பர் துபாயிலிருந்து தேராவுக்குப் படகில் போங்கள். 'அப்ரா' என்று பெயர். ஒரு திர்ஹாம்தான். இரண்டு பக்கமும் பழைய கட்டடங்கள், தலைக்கு மேலே கடற்பறவைகள். இறங்கினால் மசாலாக் கடைத்தெரு. ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கும். அடுத்தது தங்கக் கடைத்தெரு.

தங்கம் வாங்குவதாக இருந்தால் அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பேரம் பேச வேண்டியது செய்கூலியில்! கூச்சப்படாமல் கேளுங்கள், குறைப்பார்கள். வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பும் பெண் 40 கிராமும், ஆண் 20 கிராமும் நகை தீர்வை இல்லாமல் கொண்டுபோகலாம். இந்த விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் வீட்டுச் சட்டங்கள்

என் தோழிகள் கேட்டு எழுதிக்கொண்ட சில வழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்புவதும், சேமிப்பும் முதலில். மிச்சம்தான் செலவுக்கு. செலவழித்த மிச்சத்தைச் சேமிக்கலாம் என்றால் மிச்சமே இருக்காது.

வீட்டுக்கு ஒரே கார்டு. அதன் பாக்கியை மாதாமாதம் முழுசாகக் கட்டிவிட வேண்டும். முடியாத மாதம் கார்டு பீரோவுக்குள்.

மாலுக்குப் போகுமுன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். பசியோடு போனால் கண்ணில் பட்டதெல்லாம் கூடையில் விழும்.

ஐம்பது திர்ஹாமுக்கு மேல் ஆசைப்பட்ட பொருளை அன்றைக்கே வாங்கக்கூடாது. மூன்று நாள் கழித்தும் நினைவிருந்தால் பார்க்கலாம். பெரும்பாலும் மறந்துவிடும்!

வாரத்தில் ஒருநாள் மட்டும் வெளிச் சாப்பாடு. எந்த நாள் என்பது குழந்தைகள் இஷ்டம். எங்கே என்பது பெரியவர்கள் இஷ்டம்.

பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் எட்டரைக்கு வீட்டில் விளக்கு அணையும்.

எதிர் ஃப்ளாட் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கடன் எல்லாம் அடைந்து, கணவர் ஊருக்குப் போய்விட்டார். தஞ்சாவூரிலேயே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் போனில் பேசினாள். "பையன் இப்ப அப்பா தோள்லயே தூங்குறான்க்கா, இறக்கி விடவே மாட்டேங்குறான்" என்றாள். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "பரவாயில்லைக்கா, கடன் மட்டும் யாருக்கும் குடுக்கிறதில்லை, வாங்குறதும் இல்லை" என்றாள்.